கோரம் இல்லாத கூட்டங்கள்

டயகம
15.10.1995

அன்புத் தம்பி கணேசமூர்த்திக்கு அக்கா மீனம்மா எழுதுவது. தோட்டத்து முத்துமாரி புண்ணியத்தில் நான், உன் மச்சான், மகள் தவமணி மூன்று பேரும் சுகம். குளிர்தான் ஆளைக் கொல்கிறது. காலையில் கொழுந்தைத் தொட்டால் விரல் மரத்துப் போகிறது. உன் இருமல் விட்டதா? கடற்காற்றில் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு நடக்காதே.

நீ அனுப்பிய பச்சை அட்டைக் கொப்பி வந்து சேர்ந்தது. உள்ளே நீயே கோடு போட்டு, திகதி, நேரம், இடம், எத்தனை, எந்தப் பக்கம் போனது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்த நேரத்திலிருந்து உன் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷமாகக் காட்டோரத்தில் வாச்சர் வேலை பார்க்கிறார். விறகு வெட்டுகிறவர்கள் யார் யார் என்பதைத் தவிர வேறு எதையும் அவரிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது கொழும்பில் இருக்கிற சங்கத்துக்கு இவர் கண் தேவைப்படுகிறது. உயிரினப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் சங்கம் என்று முழுப் பெயரையும் நாலு பேரிடம் சொல்லிப் பழகிவிட்டார். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்குகிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கும்போது கொப்பியைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்கிறார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்க்க வேண்டுமாம்.

ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். "படிச்சவங்க சிறுத்தைன்னு சொல்றாங்க. நாங்க புலின்னுதானே சொல்றோம். எதை எழுதணும்னு ஒன் தம்பிகிட்ட கேளு. தப்பா எழுதி நாளைக்கு அவனுக்கு மானம் போகக் கூடாது" என்றார். நீ அந்தச் சங்கத்தின் உதவிச் செயலாளர். உன் மரியாதை எங்களுக்கும் மரியாதை. மறுமொழி போடு.

உன்னைத் தூக்கிச் சுமந்து இடுப்பு வளைந்த அக்கா,
மீனம்மா

டயகம
07.04.1996

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை நீ எழுதினால்தானே தெரியும்? ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை.

"நீங்கள் பேசுகிறபடியே எழுதுங்கள், பார்த்தவர் வாயில் வரும் சொல்தான் விஞ்ஞானத்துக்கு வேண்டும்" என்று நீ எழுதியதிலிருந்து உன் மச்சான் புலி, புலி என்றே எழுதித் தள்ளுகிறார். நேற்று எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். "காலை 5.40. ஏழாம் நம்பர் மலை. பெரிய புலி ஒன்று, குட்டி இரண்டு. பங்களாப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு காட்டுக்குள் போனது." அச்சடித்த மாதிரி எழுத்து. மாதம் முடிந்ததும் அதைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதி உனக்கு அனுப்புகிறார் அல்லவா, அந்தத் தாளில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதாம். பெப்ரவரி முடிய அனுப்பியதே இருபத்து மூன்று.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இதனால் ஒரு சண்டையும் வந்துவிட்டது. அடுத்த காம்பிரா அறையில் இருக்கிற அழகம்மாவின் ஆட்டைப் புலி தூக்கிவிட்டது. "ஒங்க சங்கத்துப் புலிதான் தூக்கிட்டுப் போச்சு. சங்கமே வந்து பதில் சொல்லட்டும்" என்று வாசலில் நின்று கத்தினாள். உன் மச்சான் அதற்கும் நேரம் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்து, சண்டை பாதியில் நின்றுபோனது.

மார்ச் மாதம் நிர்வாகசபை கூடும், அங்கே இந்த விபரங்களைக் காட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். காட்டினாயா? இவர் பெயரைச் சொன்னாயா? தானே கேட்க வெட்கப்பட்டு என்னைக் கேட்கச் சொல்கிறார். செல்லசாமி என்று ஒருவன் இருக்கிறான் என்று பெரிய படிப்புப் படித்த பதினொரு பேருக்குத் தெரிந்தால் போதுமாம்.

உன் அக்கா,
மீனம்மா

டயகம
11.05.1996

தம்பிக்கு,

நானும் தவமணியும் உயிரோடு இருக்கிறோம். உன் மச்சானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மின்சாரக் கோபுரங்களுக்குக் குண்டு வைக்க யாரோ வந்திருப்பதாக ஒரு வாரமாகக் கதை அடிபட்டது. வியாழக்கிழமை காலை பெரட்டு நேரத்தில் ஆமிக்காரர்கள் வந்து சுற்றி வளைத்தார்கள். ஆண்களை வரிசையில் நிறுத்திச் சட்டைப் பைகளைப் பார்த்தார்கள். கொப்பி வெளியே நீட்டிக்கொண்டுதானே இருந்தது! தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். பெரிய புலி ஒன்று, குட்டி இரண்டு, ஏழாம் நம்பர் மலை, பங்களாப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் அதைச் சிங்களத்தில் சொன்னான். சிங்களத்திலும் அந்த மிருகத்துக்கும் அந்த இயக்கத்துக்கும் ஒரே சொல்தான்.

அவர்களுடைய அதிகாரி இவர் முகத்துக்கு நேரே வந்து, "கொட்டி கீயத?" என்றான். எத்தனை புலி என்று. இவர் சிரித்தார், தம்பி. இப்போதுதான் விஷயம் விளங்கிவிட்டதே என்று நினைத்துச் சிரித்தார். "சேர், சதெக் சேர். மிருகம் சேர். நாங்க கொழும்புச் சங்கத்துக்காக எழுதுறோம்" என்றார். மிருகத்துக்கு எதற்கடா நேரம் எழுதுகிறாய், பெரியவன் யார், குட்டிகள் இரண்டும் யார், கொழும்பில் எந்தச் சங்கம் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். கண்டாக்கு ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் கூடையை மாட்டிக்கொண்டே நின்றோம்.

உன் சங்கத்திலிருந்து இந்தக் கொப்பி எங்களுடையது என்று ஒரு கடிதம் வந்தால் விட்டுவிடுவார்கள் என்று தோட்டத்துக் கிளாக்கர் சொல்கிறார். கடிதம் கண்டதும் ஓடிப்போய் வாங்கிக் கொண்டு வா.

மீனம்மா

வெள்ளவத்தை
20.05.1996

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான் சுகம். தவமணியைத் தனியே பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். நான் எழுதிய பழைய கடிதங்கள் வீட்டில் இருந்தால் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். மறுபடி வந்து வீட்டைச் சோதித்தால் உங்களையும் கொண்டு போவார்கள். இனிமேல் எழுதும்போது அந்தச் சொல்லை எழுத வேண்டாம். அந்த மிருகம் என்று எழுதுங்கள், விளங்கிக்கொள்வேன்.

கடிதம் பற்றி. சங்கம் என்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது, அக்கா. நிர்வாகசபை கூடித் தீர்மானம் எடுக்காமல் சங்கத்தின் பெயர் அச்சடித்த தாளில் ஒரு வரிகூட எழுத முடியாது. சபை ஜூன் எட்டாம் திகதி கூடுகிறது. நிகழ்ச்சி நிரல் எழுதுவது என் வேலை. மச்சானின் விஷயத்தை முதலாவதாகப் போடுகிறேன். பதினொரு பேரும் நல்லவர்கள். மறுக்க மாட்டார்கள். அதுவரை பொறுத்திருங்கள்.

அன்புத் தம்பி,
கணேசமூர்த்தி

டயகம
29.05.1996

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடாமல் கிடக்காதே. உனக்கு வயிறு காய்ந்தால் தலைவலி வரும்.

கடிதங்களை எரித்துவிட்டேன். நீ பல்கலைக்கழகம் போன வருஷத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தவை. எதற்கும் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாமா என்று மனம் அடித்துக்கொண்டது. நீ எல்லாவற்றையும் என்று எழுதியிருந்தாய். போட்டுவிட்டேன்.

இவரைப் பக்கத்து முகாமிலிருந்து தெற்கே தூரத்தில் ஓர் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அட்டனுக்குப் போய் ரயில் ஏறி, பிறகு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பேரின்பநாயகம் மாஸ்டர் கூட வருகிறேன் என்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாரே, அவர்தான். அவருக்கே வழியில் எத்தனை இடத்தில் அடையாள அட்டையை நீட்ட வேண்டும்! அப்படியிருந்தும், "பிள்ளை, நான் ஒருக்கா அந்தச் சங்கத்துக்கு நேரிலை போய்க் கதைக்கட்டோ?" என்று கேட்டார். என் தம்பியே அங்கே இருக்கும்போது நீங்கள் எதற்கு அலைய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உன் அக்கா,
மீனம்மா

வெள்ளவத்தை
10.06.1996

அன்பின் அக்காவுக்கு,

நான் நலம். மச்சானைப் பார்க்கப் போனீர்களா? அவருடைய நிலை எப்படி?

சனிக்கிழமைக் கூட்டம் பற்றி ஆவலோடு இருப்பீர்கள். என்ன சொல்வது! காலையிலிருந்து விடாத மழை. பதினொரு பேரில் நாலு பேர்தான் வந்தார்கள். ஆறு பேராவது இருந்தால்தான் கோரம். தலைவர் அம்மா நனைந்த குடையை விரித்து மூலையில் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். தேநீரோடு சாப்பிட வாங்கி வைத்த மாலு பணிஸ், அந்த மீன் பன், ஆறிப்போனது. சட்டத்தரணியான ஓர் உறுப்பினருக்குத் தொலைபேசி எடுத்தால், வெள்ளத்தில் கார் நின்றுவிட்டது என்றார்கள். கடைசியில், "கோரம் இல்லை, கூட்டம் இல்லை" என்று சொல்லித் தலைவர் எழுந்துவிட்டார். மச்சானின் விஷயம் முதலாவதாகத்தான் இருந்தது. அடுத்த கூட்டம் ஓகஸ்ட் பத்தாம் திகதி.

மாஸ்டர் வருவது நல்லதல்ல. வெளியாள் வந்து நெருக்கினால் சபையினர் முகம் சுளிப்பார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புத் தம்பி,
கணேசமூர்த்தி

டயகம
22.06.1996

அன்புத் தம்பிக்கு,

தவமணிக்கு இரண்டு நாள் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் வந்தேன். இப்போது எழுந்து நடக்கிறாள்.

கோரம் இல்லை என்று கூட்டத்தைக் கலைத்தார்களாமே. நீ எழுதிய அர்த்தத்தில் அந்தச் சொல் எனக்குத் தெரியாது. மாஸ்டரிடம் கேட்டேன், ஆள் போதவில்லை என்பதாம். எனக்குத் தெரிந்த கோரம் வேறு, அது இங்கே வேண்டிய மட்டும் கிடக்கிறது. உங்கள் சபைக்குக் குறைந்தால் சொல், போன ஞாயிற்றுக்கிழமை உன் மச்சானைப் பார்த்த கதையை எழுதி அனுப்புகிறேன்.

எழுதத்தான் போகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே பேசினார். காட்டச் சொன்னேன், காட்டவில்லை. தண்ணீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தபோதுதான் கண்டுகொண்டேன். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அட, எழுதுறதுக்கு இப்ப என்னா அவசரம்? விடுங்கிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சபை கூடிருச்சா?" என்றார். மழை, வெள்ளம், மாலு பணிஸ் எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். "பாவம், அந்த அம்மா நனைஞ்சிட்டாங்க போல" என்றார்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டினேன்.

உன் அக்கா,
மீனம்மா

வெள்ளவத்தை
19.08.1996

அன்பின் அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். ரயிலில் குண்டு வெடித்த பிறகு இங்கே எங்கள் அறைகளை இரண்டு தடவை சோதித்தார்கள். மற்றபடி சுகம்.

பத்தாம் திகதி சபை கூடியது. எட்டுப் பேர் வந்தார்கள். மச்சானின் விஷயம் இரண்டு மணி நேரம் நடந்தது. சட்டத்தரணி, "பொலிஸ் விசாரணையில் இருக்கும் விஷயத்தில் விஞ்ஞானச் சங்கம் கை வைக்கலாமா?" என்றார். பறவைகளைப் பற்றி ஆராய்கிற முதியவர் ஒருவர் மேசையில் தட்டி, "நமக்காகக் காட்டில் நடந்த மனிதன் அவன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் சட்ட ஆலோசனை கேட்டுவிட்டு நவம்பர் கூட்டத்தில் முடிவு செய்வதென்று ஒத்திவைத்தார்கள். பெரும்பாலானவர்கள் நம் பக்கம்தான்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். எதிலும் கையெழுத்து மட்டும் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
கணேசமூர்த்தி

டயகம
12.10.1996

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. உனக்குக் கிடைக்கவில்லையோ, அல்லது வழியில் யாராவது பிரித்து வைத்துக்கொண்டார்களோ, தெரியாது. செப்டெம்பரில் எழுதியதையே மறுபடி எழுதுகிறேன்.

உன் மச்சான் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் ஓகஸ்ட் கடிதம் வந்து சேருமுன்பே போட்டுவிட்டார். முழுக்கச் சிங்களத்தில் எழுதிய நாலு தாள். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "ஒன் சங்கம் மூணு மாசமா வாயைத் தெறக்கல. அப்படி ஒரு சங்கம் இருந்தா ஒரு கடுதாசிகூடவா வராது? பொய் சொல்றேன்னு ஒத்துக்க, கேஸைச் சீக்கிரம் முடிச்சு விட்டுர்றோம்" என்று சொன்னார்களாம். அடி தாங்காமல் போடவில்லை, தம்பி. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவங்க கேட்டதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல, மீனா."

மாஸ்டர் பிடித்துக் கொடுத்த சட்டத்தரணி, வழக்கு முடியுமுன் சங்கத்தின் கடிதம் வந்தால் இன்னும் வழி இருக்கிறது என்கிறார். தீர்ப்பு டிசெம்பரில். கொழும்புக்குப் போகிறேன் என்று மாஸ்டர் மறுபடியும் சொல்கிறார். நீ வேண்டாம் என்றதால் நிறுத்தி வைத்திருக்கிறேன். சபையைக் கொஞ்சம் முந்திக் கூட்ட முடியாதா? அந்தத் தலைவர் அம்மாவின் காலில் விழவும் நான் தயார். வரச் சொன்னால் வருகிறேன்.

மீனம்மா

வெள்ளவத்தை
14.11.1996

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதங்கள் கிடைத்தன. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை சபை கூடியது. சட்ட ஆலோசனை நமக்குச் சாதகமாக இல்லை. வாக்கெடுப்பில் ஐந்துக்கு நாலு என்று தோற்றுவிட்டது. சங்கம் இதில் தலையிடாது என்பது தீர்மானம். தலைவர் அம்மாவுக்கு மிகுந்த மனவருத்தம். என்னால் ஆனதெல்லாம் செய்தேன். விதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் வந்து பயனில்லை.

இந்த நேரத்தில் இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எனக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரி நடுவில் புறப்பட வேண்டும். போகுமுன் மலைக்கு வந்து உங்களைப் பார்க்க முயற்சி செய்கிறேன்.

அன்புத் தம்பி,
கணேசமூர்த்தி

டயகம
02.01.1997

கணேசமூர்த்திக்கு,

நீ புறப்படுமுன் இது கிடைக்கட்டும்.

டிசெம்பர் ஆறாம் திகதி தீர்ப்பு. ஏழு வருஷம். கையெழுத்துப் போட்ட தாளை வைத்தே முடித்துவிட்டார்கள். இனி யார் வந்து என்ன சொன்னாலும் கேட்க மாட்டார்களாம்.

தீர்ப்புக் கேட்ட கையோடு மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்து நேரே என் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பிள்ளை, அங்கை அப்பிடி ஒரு விசயமே வரேல்லை" என்றார்.

தலைவர் அம்மா கூட்டறிக்கைப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்து வாசித்தாராம். ஜூன் எட்டாம் திகதி நல்ல வெயில் என்றாராம். பதினொரு பேரும் வந்தார்கள். புத்தக அலுமாரிக்குப் புதுப் பூட்டுப் போடுவது, செய்திமடலுக்கு எந்த நிற அட்டை என்பது, இவைதான் பேச்சு. ஓகஸ்டில் வருடாந்த விருந்துக்கு என்ன சமைப்பது என்று பேசினார்கள். நவம்பரில் கூட்டமே இல்லை. செல்லசாமி என்ற பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் கையெழுத்து இருக்கிறது.

மார்ச் கூட்டத்தில் மட்டும் நம்முடைய மலை இருக்கிறது. உதவிச் செயலாளர் தாமே நேரில் சென்று கண்ட இருபத்து மூன்று அவதானிப்புகளைச் சமர்ப்பித்தார், சபை அவரைப் பாராட்டி மேற்படிப்புக்குச் சிபாரிசு செய்தது என்று எழுதியிருக்கிறதாம். தாமே நேரில்! நீ கடைசியாக இங்கே வந்து மூன்று வருஷம். உன் பெயரில் கொடுத்த பிறகு கொப்பி இன்னொருவருடையது என்று எப்படிச் சொல்வாய்? அதற்காகத்தான் என்னை அடுப்பு மூட்ட வைத்தாய். என் நன்மைக்காக என்று நான் நம்பினேன். மூன்று தரம் உன் கடிதத்தைக் கம்பி வலைக்கு முன்னால் நின்று வாசித்தேனே, அதை நினைத்தால் என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா எழுந்து போய்த் தானே தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆயிற்றாம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மே மாதமே கொடுத்திருப்பேனே" என்று அழுதாராம். கடிதம் என்னிடம் இருக்கிறது. தவமணி அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

உன்னைத் திட்டுவதற்காக உட்கார்ந்தேன். திட்ட வரவில்லை. நீ பயந்திருப்பாய். பயம் எனக்குத் தெரியாததா? பெரட்டில் கூடையோடு நின்றவள்தானே நான். ஆனால் பயந்தவன், பயமாக இருக்கிறது அக்கா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் மாஸ்டரை அனுப்பியிருப்பேன்.

இப்போது ஒரு காரியம். உன் மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும், "அடுத்த கூட்டம் எப்ப?" என்றுதான் கேட்கிறார். பறவைக்காரர் மேசையில் தட்டினாரே, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்கிறார். உள்ளே அவருக்கு வேறு எதுவும் இல்லை. வாக்கெடுப்பில் தோற்றதை நான் அவரிடம் சொல்லவில்லை. சபை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் நீ எழுது. மாதம் தவறாமல் கூட்டம் நடத்து. யார் வந்தார், யார் என்ன சொன்னார், மழையா வெயிலா, எல்லாம் எழுது. தலைப்பில் கொழும்பு என்றே போடு. வெளிநாட்டு முத்திரை ஒட்டிய உறையை நான் கிழித்துவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு எழுத வேண்டும். அது உனக்கு நன்றாக வரும்.

ஒன்று கவனித்தேன். நீ எழுதிய கூட்டங்களில் எல்லாரும் பேசினார்கள். நீ மட்டும் ஒரு தடவைகூடப் பேசவில்லை.

மீனம்மா

கொழும்பு 6
09.03.1997

அன்பின் அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் சுகம். இங்கே வெயில் கடுமை. மச்சானின் கை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தவமணி நன்றாகப் படிக்கட்டும்.

நேற்றுச் சனிக்கிழமை நிர்வாகசபை கூடியது. பதினொரு பேரும் வந்திருந்தார்கள். கோரத்துக்குக் குறைவில்லை. மின்விசிறி வேலை செய்யாததால் ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். மச்சானின் விஷயம்தான் முதலாவது.

தலைவர் அம்மா பச்சைக் கொப்பியை மேசையில் வைத்து, "இது யாருடையது?" என்று கேட்டார். பறவைக்காரர்கூடப் பேசவில்லை. நான் எழுந்தேன்.

"இது நான் அனுப்பிய கொப்பி. கோடு போட்டது நான். புலி என்று எழுதச் சொன்னதும் நான்தான். அந்த மனிதர் கேட்டார், எதை எழுதட்டும் என்று. எனக்கு மானம் போகக் கூடாதென்று கேட்டார். இருபத்து மூன்றும் செல்லசாமி பார்த்தவை. நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிடித்து வைப்பதென்றால் என்னைத்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும்" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதவிச் செயலாளர் சொன்னதை அப்படியே கூட்டறிக்கையில் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர். அதைக் குறிக்க வேண்டியவனும் நான்தானே. உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

அதற்குள் நேரமாகிவிட்டது. மிகுதியை ஏப்ரல் பன்னிரண்டாம் திகதிக்கு ஒத்திவைத்தார்கள்.

தம்பி,
கணேசமூர்த்தி